பால்காரர் வண்டியும் கம்பெனி காரும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் இங்கிலாந்திலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் பேசினான். "சார், ஆபீஸ்ல எலெக்ட்ரிக் கார் எடுத்துக்கச் சொல்றாங்க. வரி ரொம்பக் கம்மியாம். எடுக்கலாமா சார்?" என்றான். எனக்கு ஓட்டத் தெரிந்ததெல்லாம் சைக்கிளும் மொபெட்டும்தான். "காரைப் பற்றி எனக்குத் தெரியாதுப்பா. அந்த நாட்டுக் கம்பெனி காருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்கிறேன், முடிவை நீ எடு" என்றேன். அவனிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

கம்பெனி கார் என்றால் நிறுவனம் தன் ஊழியருக்குக் கொடுக்கும் கார். அலுவலக வேலைக்கும் ஓட்டலாம், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெளியே போகவும் ஓட்டலாம். பணமாகத் தராமல் பொருளாகத் தரும் சம்பளம் அது. பிரிட்டனில் இந்த வழக்கம் வேர்விட்டதற்குக் காரணம் காரின் மேல் இருந்த ஆசை மட்டும் இல்லை. விலைவாசியைக் கட்டுப்படுத்த அங்கே அரசுகள் சம்பள உயர்வுக்குத் தடை போட்டன. 1966-ல் ஆறு மாதம் சம்பளமே உயரக்கூடாது என்றார்கள். 1975-ல் வாரத்துக்கு 6 பவுண்டுக்கு மேல் உயர்வு கிடையாது என்றார்கள். அந்தக் காலத்தில் அதிக வருமானம் உள்ளவர்களின் உழைப்பு ஊதியத்துக்கு உச்ச வரி 83 சதவீதம். சம்பளத்தைக் கூட்ட முடியாத நிறுவனங்கள் கார்ச் சாவியை எடுத்து நீட்டின. ஃபோர்டு கார்ட்டினா என்ற கார் அலுவலகங்களில் பதவியின் அடையாளமாகவே ஆனது. பின்புறம் 'எல்' என்று எழுதியிருந்தால் ஒரு படி, 'ஜி.எல்.' என்றால் அடுத்த படி, 'கியா' என்றால் பெரிய அதிகாரி.

அரசு சும்மா இருக்குமா? 1976-ல் கம்பெனி காருக்கென்றே ஒரு வரி அட்டவணை கொண்டுவந்தது. 1994-ல் அதை மாற்றி, காரின் பட்டியல் விலையில் 35 சதவீதத்தை ஊழியரின் வருமானமாகக் கணக்கிட்டது. அலுவலக வேலைக்காக ஆண்டுக்கு 2,500 மைல் ஓட்டினால் அதில் மூன்றில் ஒரு பங்கு கழிவு. 18,000 மைல் ஓட்டினால் மூன்றில் இரண்டு பங்கு கழிவு. விளைவு என்ன தெரியுமா? வரி ஆண்டு முடியப்போகும் மார்ச் மாதத்தில், கணக்கில் குறையும் மைல்களை நிரப்புவதற்காகவே சிலர் வேலையில்லாத ஊர்களுக்கெல்லாம் கார் ஓட்டினார்கள்.

இந்தக் கூத்தை நிறுத்த 2002 ஏப்ரலில் விதியை அடியோடு மாற்றினார்கள். புகைபோக்கியிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவோ, அதற்கேற்ப வரி. நல்ல எண்ணம்தான். ஆனால் டீசல் கார் கார்பன் டை ஆக்சைடைக் குறைவாக விடும். நுரையீரலைக் கெடுக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளை அதிகமாக விடும். டீசலுக்கென்று 3 சதவீதம் கூடுதல் வரி வைத்தும் பயனில்லை. 2000-ல் அங்கே விற்ற புதுக் கார்களில் நூற்றுக்குப் பதினைந்துகூட டீசல் கிடையாது. 2012-ல் பாதி டீசல். அந்த மாற்றத்தில் கம்பெனி கார்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்து வந்தது பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் பிளக்-இன் ஹைப்ரிட். இதற்கும் வரிச்சலுகை கிடைத்தது. நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் வாங்கின. 2018-ல் ஒரு செய்தி வந்தது: திரும்பி வந்த கார்கள் சிலவற்றில் சார்ஜ் செய்யும் கம்பி உறைகூடப் பிரிக்காமல் டிக்கியிலேயே கிடந்ததாம். சலுகை காரை வாங்குவதற்குக் கிடைத்ததே தவிர, பிளக்கைச் சொருகுவதற்குக் கிடைக்கவில்லையே!

இப்போது முழு மின்சாரக் காருக்கு வருவோம். 2020-21-ல் அதற்குக் கம்பெனி கார் வரியைப் பூஜ்யம் சதவீதம் ஆக்கினார்கள். அடுத்த ஆண்டு 1 சதவீதம். அதற்குப் பின் மூன்று ஆண்டுகள் 2 சதவீதம். கரும்பலகையில் போடுவது போல ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கார் விலை 40,000 பவுண்டு. ஊழியர் 40 சதவீத வரி வரம்பில் இருக்கிறார்.

பெட்ரோல் கார், விகிதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால்: கூடுதல் வருமானம் 12,000. அதற்கு வரி 4,800 பவுண்டு.
மின்சாரக் கார், விகிதம் 2 சதவீதம்: கூடுதல் வருமானம் 800. அதற்கு வரி 320 பவுண்டு.

ஆண்டுக்கு 4,480 பவுண்டு மிச்சம்! யாருக்குத்தான் ஆசை வராது? இன்னொன்றும் உண்டு. அந்நாட்டு வரிச் சட்டத்தில் மின்சாரம் 'எரிபொருள்' இல்லை. கம்பெனி காருக்கு நிறுவனம் பெட்ரோல் போட்டுக்கொடுத்தால் அதற்குத் தனி வரி உண்டு. மின்சாரத்துக்கு அந்த வரி கிடையாது. இதனால்தான் அங்கே 2023-ல் பதிவான புது மின்சாரக் கார்களில் நான்கில் மூன்றுக்கு மேல் நிறுவனங்கள் வழியாகப் போயின. சொந்தக் காசு போட்டு வாங்கியவர்கள் குறைவு.

சரி, குறை என்ன? இங்கேதான் பால்காரர் வருகிறார்.

பிரிட்டனில் நிறுவனங்கள் மின்சார வண்டி ஓட்டியது இது முதல் முறை இல்லை. 1950, 60-களில் வீட்டுக்கு வீடு பால் போட்ட வண்டிகளில் ஆயிரக்கணக்கானவை பேட்டரியில் ஓடியவைதான். மெதுவாகப் போகும், ஆனால் விடியற்காலையில் தெருவை எழுப்பாது. வீட்டுக்கு வீடு நின்று நின்று போகும் வேலைக்கு அதைவிடத் தோதான வண்டி இல்லை. வேலை முடிந்ததும் பால் டிப்போவுக்குத் திரும்பும். அங்கே சார்ஜ் ஏறும். பேட்டரி கெட்டால் டிப்போ பார்த்துக்கொள்ளும். பால்காரர் வீட்டில் பிளக் இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. பின்னாளில் மக்கள் சூப்பர் மார்க்கெட்டில் பால் வாங்கத் தொடங்கியதால்தான் அந்த வண்டிகள் குறைந்தன.

இன்றைய கம்பெனி காருக்கு டிப்போ எது? ஊழியரின் வீடு! வீட்டு வாசலில் காரை நிறுத்த இடம் உள்ளவர் இரவு நேரச் சலுகைக் கட்டணத்தில் சார்ஜ் செய்துகொள்வார். அடுக்குமாடியில் குடியிருப்பவர், தெருவோரம் நிறுத்துபவர் பொது இடத்து சார்ஜருக்குப் போக வேண்டும். அங்கே கட்டணம் பல மடங்கு. வேக சார்ஜர் என்றால் சில இடங்களில் பத்து மடங்குகூட. வீட்டு மின்சாரத்துக்கு மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதம், பொது சார்ஜருக்கு 20 சதவீதம். அலுவலக வேலைக்கு ஓட்டிய மைலுக்கு இவ்வளவு தரலாம் என்று அரசு சொன்ன வழிகாட்டு விகிதம்கூட 2018 முதல் இருவருக்கும் ஒன்றாகவே இருந்தது. 2025 செப்டம்பரில்தான் வீட்டுக்கு ஒன்று, வெளியே ஒன்று என்று பிரித்தார்கள். ஏழு ஆண்டு தாமதம்.

இரண்டாவது குறை, கார் எடுக்கும் வழியில் இருக்கிறது. பலருக்கு இது இனாமாக வருவதில்லை. மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை 'எனக்கு வேண்டாம்' என்று விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகக் காரைப் பெறுகிறார்கள். வரி குறையும், உண்மைதான். ஆனால் தாளில் சம்பளமும் குறைகிறது. அதைப் பொறுத்து ஓய்வூதியத்துக்குப் பிடிக்கும் தொகை குறையலாம், வீட்டுக் கடன் தகுதியும் குறையலாம். இடையில் வேலையை விட்டால் காரைத் திருப்பிக் கொடுப்பதோடு அபராதமும் கட்ட நேரலாம். இன்னொரு விதி: குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகும்படி சம்பளத்தை விட்டுக்கொடுக்க முடியாது. ஆக, கீழ்நிலை ஊழியருக்கு இந்தக் கதவே திறக்காது. அதிகச் சம்பளமும் வீட்டில் கார் நிறுத்த இடமும் உள்ளவருக்கு அதிகச் சலுகை. இரண்டும் இல்லாதவருக்கு ஒன்றுமில்லை.

மூன்றாவது, சலுகை நிரந்தரம் இல்லை. 2025-26-ல் 3 சதவீதம், பிறகு 4, 5, 7 என்று ஏறி 2029-30-ல் 9 சதவீதம் ஆகும் என்று அறிவித்துவிட்டார்கள். 2028 ஏப்ரல் முதல் மின்சாரக் காருக்கு மைலுக்கு 3 பென்ஸ் வரியும் வரப்போகிறது. 9 சதவீதம் ஆனாலும் மேலே போட்ட கணக்கில் வரி 1,440 பவுண்டுதான். பெட்ரோல் காரைவிடக் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் 2 சதவீதக் கணக்கில் வந்த 320-ஐ மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடக்கூடாது.

இந்த அறுபது ஆண்டு வரலாற்றில் எனக்குத் தெரிவது ஒன்றுதான். அரசு மனதில் நினைத்ததை மக்கள் செய்ததில்லை. எதற்குச் சலுகை கொடுத்ததோ அதைச் செய்தார்கள். மைலுக்குக் கொடுத்தபோது மைல் ஓட்டினார்கள். கார்பனுக்குக் கொடுத்தபோது டீசல் வாங்கினார்கள். காருக்குக் கொடுத்தபோது காரை வாங்கிவிட்டுக் கம்பியை மறந்தார்கள். இந்த முறை மின்சாரக் காருக்குக் கொடுத்தார்கள், மின்சாரக் கார் வந்துவிட்டது. அந்த மட்டில் இது நல்ல விதி. டிப்போவை மட்டும் மறந்துவிட்டார்கள்.

எல்லாம் சொல்லிவிட்டு என் மாணவனிடம் கேட்டேன்: "உன் வீட்டில் காரை எங்கேப்பா நிறுத்துவாய்?"

"மூணாவது மாடி சார். கார் தெருவுலதான் நிக்கும்" என்றான். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தான். "சார், அப்போ எடுக்க வேண்டாங்கறீங்களா?"

"அப்படிச் சொல்லவில்லை. அலுவலகத்தில் சார்ஜர் இருக்கிறதா, வேலையை விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், ஓய்வூதியத்தில் எவ்வளவு குறையும் என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கு. பிறகு கணக்குப் போடு" என்றேன்.

"ஸ்கூல்லயும் இதேதான் சார் சொல்வீங்க. விடையை மட்டும் எழுதினா மார்க் கிடையாது, வழிமுறையை எழுதுன்னு" என்றான்.

அது போதும் எனக்கு. வெளிநாட்டில் கம்பெனி கார் எடுத்தவர்கள் நம் நட்பு வட்டத்தில் இருந்தால் உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள். அவனுக்கு அனுப்பி வைக்கிறேன்.