அட்டைக் கோலியாத்தின் உயரம்

கோலியாத்தை எத்தனை அடி உயரத்தில் வெட்டுவது? அமெரிக்கத் தேவாலயங்களின் அடித்தளக் கூடங்களில், கோடை விடுமுறை தொடங்குமுன், அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்துக்கொண்டு அமர்ந்திருப்போர் முன் எழக்கூடிய கேள்வி இது. எபிரேய வேதாகமத்தின் வழக்கமான பாடத்தில் அவன் உயரம் ஆறு முழமும் ஒரு சாணும். முழத்துக்கு 18 அங்குலம் எனக் கொண்டால் 9 அடி 9 அங்குலம். சாக்கடலையொட்டிய கும்ரான் குகையில் கிடைத்த சாமுவேல் சுருளிலோ நான்கு முழமும் ஒரு சாணும்தான். அதாவது 6 அடி 9 அங்குலம். கடையில் விற்கும் நுரைப்பலகையின் நீளம் 8 அடி. சுருளை நம்பினால் ஒரே பலகையில் அடங்கிவிடுவான். வழக்கமான பாடத்தை நம்பினால் எங்காவது ஒட்டுப்போட்டாக வேண்டும். பாடபேத ஆராய்ச்சி தச்சுவேலைக்குள் நுழைகின்ற இடம் இது!

நம் ஊர்த் திருச்சபைப் பிள்ளைகள் வி.பி.எஸ். என்று அழைக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளி அமெரிக்காவில் பிறந்தது. அங்கு அந்த ஒரு வாரத்துக்காக ஆளுயரத்துக்கும் மேற்பட்ட உருவங்களைச் சபையாரே கையால் செய்து நிறுத்துகின்றனர். சிங்கம், திமிங்கிலம், ஒட்டகம், நோவாவின் பேழை, சில வேளைகளில் கோலியாத். பார்ப்பதற்கு வெறும் பிள்ளை விளையாட்டு. ஆயினும் தேவாலயத்துக்குள் உருவம் நிற்கலாமா என்னும் 1,400 ஆண்டு வழக்கு அந்த அட்டைகளின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

வழக்கின் பழைய ஏடு ஒன்றை முதலில் புரட்டுவோம். கி.பி. 600ஐ ஒட்டிய காலம். மார்செய் நகர ஆயர் செரேனுஸ், மக்கள் படங்களை வணங்குவதைக் கண்டு சினந்து அவற்றை உடைத்தெறிந்தார். பாப்பரசர் முதலாம் கிரெகோரி அவருக்குக் கடிதம் எழுதினார். வணங்கக்கூடாது என்பதில் பாப்பரசருக்கும் ஒப்புதலே. ஆனால் எழுத்தறியாதவர்கள் ஏட்டில் படிக்க முடியாததைச் சுவரில் பார்த்துப் படிக்கிறார்கள், ஆகவே உடைத்தது தவறு என்றார். மேலைத் திருச்சபையின் உருவங்களுக்கெல்லாம் பின்னாளில் அரணாக நின்றது இந்த வாதம்.

அரணுக்குள் உருவங்கள் பெருகின. அவற்றுள் நம் மனத்தைக் கவர்ந்தது ஜெர்மானிய நாடுகளின் மரக்கழுதை. கழுதைமேல் அமர்ந்த கிறிஸ்துவை ஏறத்தாழ ஆளுயரத்தில் செதுக்கி, அடியில் பலகையும் சக்கரங்களும் பூட்டி, குருத்தோலை ஞாயிறன்று வீதிவழியே இழுத்துச் செல்வர். தேரிழுக்கும் நாட்டில் பிறந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சில ஊர்களில் பவனி முடிந்தபின் குழந்தைகளை அதன்மேல் ஏற்றி உட்காரவைப்பதும் உண்டாம். வழிபாட்டுப் பொருளுக்கும் விளையாட்டுப் பொருளுக்கும் இடையே கோடு கிழிக்க அக்காலத்தவர் பெரிதாக முனையவில்லை போலும்.

கோடு கிழித்தவர்கள் பின்னால் வந்தனர். சூரிக் நகரில் சுவிங்லியின் போதனை வலுத்து, 1524ஆம் ஆண்டுக் கோடையில் நகர மன்றம் ஆணையிட்டது. கும்பல் புகுந்து நொறுக்கவில்லை. போதகர்களும் மன்றத்தாரும் தச்சர், கொத்தர் முதலிய கைவினைஞர்களும் உள்ளே சென்று, கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வோர் ஆலயமாக உருவங்களை அகற்றினர். காணிக்கையாகச் செய்துவைத்த குடும்பத்தார் தம்முடையதை எடுத்துச் செல்லவும் இசைவு இருந்தது. எத்தகைய ஒழுங்கான அழிவு! லூதரை இந்தக் கணக்கில் சேர்க்கலாகாது. 1522இல் விட்டன்பெர்க்கில் சிலையுடைப்பு மூண்டபோது ஓடிவந்து தடுத்தவர் அவர்.

1563இல் வெளியான ஹைடெல்பெர்க் வினாவிடை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அதன் 98ஆவது வினா, பாமரருக்கு நூல்களின் இடத்தில் உருவங்களை வைத்துக்கொள்ளலாகாதா என்று கேட்கிறது. ஆகாது என்பது விடை. உயிரற்ற உருவங்களால் அன்று, உயிருள்ள வார்த்தையைப் பிரசங்கிப்பதால் மட்டுமே மக்கள் கற்பிக்கப்பட வேண்டுமாம். 960 ஆண்டுகளுக்கு முந்தைய கிரெகோரியின் கடிதத்துக்கு நேர்ப் பதில் இது என்பதை வாசகர் கவனித்திருப்பர். நமக்கு வியப்பு வேறோர் இடத்தில். அந்த வினாவிடை எழுதப்பட்ட நோக்கங்களுள் ஒன்று குழந்தைகளுக்குப் போதிப்பது! குழந்தையின் கையிலிருந்து படத்தை வாங்கிவைத்துவிட்டு, வினாவையும் விடையையும் கொடுத்தார்கள்.

எத்தனை நாளைக்கு? அமெரிக்க பாப்டிஸ்டுகளும் மெத்தடிஸ்டுகளும் சூரிக்கின் நேர் வாரிசுகள் அல்லர். எனினும் சிலையில்லாத வெள்ளைச் சுவர் என்னும் பழக்கத்தை இங்கிலாந்தின் பியூரிட்டன் மரபு வழியே பெற்றவர்கள். அவர்களின் கூடங்களுக்குள் உருவம் திரும்பி வந்தது. முன்வாசல் வழியாக அன்று, குழந்தைகளின் அறை வழியாக.

1780இல் இங்கிலாந்தின் குளொஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஞாயிறுப் பள்ளி, ஏழைச் சிறாருக்கு எழுத்தறிவிக்க வந்தது. அந்தப் பள்ளி அமெரிக்காவில் வேரூன்றி வளர்ந்தபின், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வண்ணக் கல்லச்சுப் படங்கள் வந்தன. பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச்செல்லச் சிறு அட்டைகள், வகுப்பில் தொங்கவிடப் பெருஞ்சுருள்கள். 1874இல் ஜான் வின்சென்ட்டும் லூயிஸ் மில்லரும் நியூயார்க் மாநிலத்து ஷடாக்குவா ஏரிக்கரையில் ஞாயிறுப் பள்ளி ஆசிரியர்களுக்கெனப் பயிற்சி முகாம் கூட்டியபோது, வேதாகம நாட்டையே தரையில் மலையும் பள்ளத்தாக்குமாகச் செய்து பரப்பினர். பாலஸ்தீனப் பூங்கா என்பது அதன் பெயர். ஏரிதான் மத்தியதரைக் கடல். ஏரி முகாமுக்குக் கிழக்கே இருந்ததால் மேற்கே இருக்கவேண்டிய கடல் கிழக்கே போய்விட்டது. திசை தவறினாலும் எரிகோவுக்கும் எருசலேமுக்கும் காலால் நடந்து பார்க்கலாமே! செவி வழியாக மட்டும் போதிப்பது போதாது என்று வெள்ளைச் சுவர் மரபினரே ஒப்புக்கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

விடுமுறைப் பள்ளியின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1894இல் இல்லினாய் மாநிலத்து ஹோப்டேலில் மைல்ஸ் என்னும் ஆசிரியை, ஞாயிறு ஒருநாள் போதவில்லையென்று, கோடையில் நான்கு வாரம் நாள்தோறும் வகுப்பு நடத்தினார். பிள்ளைகள் ஏறத்தாழ 40 பேர். 1898இல் நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில், தெருவில் திரிந்த குடியேறிகளின் பிள்ளைகளுக்காக, ஹாஸ் அம்மையார் என்னும் பாப்டிஸ்ட் பெண்மணி ஒரு மதுக்கூடத்தை வாடகைக்கு எடுத்தார். பாட்டும் வேதக்கதையும் விளையாட்டும் கைவேலையும் அங்கு நடந்தன. அந்தக் கைவேலை என்னும் சொல்லில் நம் கோலியாத்தின் விதை கிடக்கிறது. 1901 முதல் ராபர்ட் பொவில் இதனை நகரெங்கும், பின் நாடெங்கும் இயக்கமாக்கினார். 1923இல் ஸ்டாண்டர்டு பதிப்பகம் முழுப் பாடத்திட்டத்தை அச்சிட்டது. பிற்காலத்தில் பதிப்பகங்கள் ஆண்டுக்கொரு கருப்பொருளை வகுத்து, காடு, கடல், விண்வெளி என்று கூடத்தையே உருமாற்றச் சொல்லலாயின.

இனிச் செய்முறை. மூலப்படம் உள்ளங்கை அளவுதான். கட்டம் போட்டு, சிறு கட்டத்தைப் பெருங்கட்டமாக்கிப் பார்த்து வரைவது பழைய முறை. சென்னை அண்ணா சாலையில் வானுயர நின்ற திரைப்படக் கட்அவுட்டுகளை வரைந்தோர் கையாண்ட முறையும் அதுவே. பள்ளிகளில் ஓவர்ஹெட் புரொஜக்டர் பரவியபின் வேலை எளிதாயிற்று. ஒளிபுகும் தாளில் படத்தைப் பதித்து, சுவரில் சாய்த்த அட்டைமேல் ஒளியை வீழ்த்தி, நிழலின் விளிம்பைக் கரிக்கோலால் தொடர்ந்தால் போதும். கருவி நேராக நில்லாமல் மேல்நோக்கிச் சாய்ந்தால் மட்டும் உருவத்தின் மேற்பாதி அகன்று, தலை பெருத்த தாவீது பிறப்பான்.

பொருள் எது என்பதில் இரு கட்சி. ஏழைச் சபைக்குக் குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டை. அதில் ஒருபக்கம் மட்டும் வண்ணம் பூசினால் ஈரத்தில் வளைந்துகொள்ளும், பின்பக்கமும் பூசவேண்டும். நெளிவின் போக்கில் மடங்காதிருக்க மரச்சட்டம் அறையவேண்டும், நிற்பதற்கு முக்கோணக் கால் வைக்கவேண்டும். சற்றே வசதியுள்ள சபைக்கு, வீட்டுச் சுவருக்குள் வெப்பம் தடுக்க வைக்கும் இளஞ்சிவப்பு, நீல நுரைப்பலகை. கத்தியாலோ சூடேறிய கம்பியாலோ வெண்ணெய்போல் வெட்டலாம். ஆனால் தெளிப்புச் சாயத்தை அடித்தால் அதிலுள்ள கரைப்பான் நுரையைத் தின்றுவிடும். நீரில் கரையும் வண்ணமே பூசவேண்டும். இதை அறியாத புதியவரின் முதல் சிங்கம் முகம் உருகிப்போவது உறுதி.

எந்த உருவங்கள் வானளாவ நிற்கின்றன என்று பார்த்தால் பழைய வழக்கு இன்னும் முடியவில்லை என்பது விளங்கும். பெரிதாக நிற்பவை பெரும்பாலும் விலங்குகள், அல்லது வில்லன்கள். இறைவனை உருவாக்குவதில் பலருக்குக் கை தயங்குகிறது. 98ஆவது வினாவைப் படித்திராதவருக்கும் அந்தத் தயக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. கோலியாத்தையோ திமிங்கிலத்தையோ யாரும் வணங்கப்போவதில்லை. ஆகவே அவற்றுக்கு இசைவு கிட்டிற்று. போதிப்பதற்கு உருவம், வணங்குவதற்கன்று என்னும் கிரெகோரியின் பிரிப்பை, அவரைத் தள்ளியவர்களின் வழிவந்தோரே இத்தனை கறாராகக் கடைப்பிடிக்கின்றனர் என்பது நம் கணிப்பு. ஒரே வாரத்தில் கழற்றிவிடுவதும் அதற்குத் துணை. நிலைத்து நில்லாத உருவத்துக்கு யார் விளக்கேற்றுவர்?

இழப்பும் இல்லாமலில்லை. பதிப்பகம் அனுப்பும் பெருங்கண் குரங்கும் கண்ணாடி அணிந்த கிளியும் கூடத்தை நிறைக்கும்போது, வேதக்கதை அவற்றின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்குகிறது. முழமும் சாணும் கணக்கிட்டு வெட்டிய ஒரு கோலியாத்தின் கீழே நிற்கும் ஏழு வயதுப் பிள்ளை, அண்ணாந்து பார்த்த அந்தக் கணத்தில் தாவீதின் அச்சத்தை அறிந்துகொள்கிறது. கிளி அதைக் கற்பிக்காது.

வாரம் முடிந்ததும் சில உருவங்கள் அண்டைச் சபைக்குப் போகின்றன, சில பரணுக்கு, மற்றவை குப்பைக்கு. நியூயார்க்கில் ஹாஸ் அம்மையார் மதுக்கூடம் எடுத்த அதே தீவின் வடகோடியில், க்ளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத் தொகுப்பில், 15ஆம் நூற்றாண்டின் மரக்கழுதை ஒன்று இருக்கிறது. ஜெர்மானிய லிண்டன் மரம், பழைய வண்ணத்தின் மிச்சம், மேலே ஆசியளிக்கும் கிறிஸ்து. இப்போது அதன்மேல் குழந்தைகளை ஏற்றுவதில்லை.