தரமும் தறமும்

புதிதாக ஒரு மாட்யூலை ப்ராஜெக்ட்டில் சேர்க்கலாமா என்ற கேள்வி என் வேலையில் அநேகமாக வாரம் ஒருமுறை வந்துவிடும். எக்செல் படிக்க ஒன்று, பி.டி.எஃப். உருவாக்க ஒன்று என்று ஏதாவது இருக்கும். கேட்கிறவர்களும் சரி, பதில் சொல்கிறவர்களும் சரி, பார்ப்பது மூன்றே விஷயம்தான். கிட்ஹப்பில் எத்தனை ஸ்டார், வாரத்துக்கு எத்தனை டவுன்லோட், கடைசியாக எப்போது அப்டேட் ஆனது. ஐந்து நிமிஷத்தில் முடிவாகிவிடும். அந்த முடிவின் மேல்தான் பிறகு யார் யாருடைய பணமும் பாஸ்வேர்டும் உட்கார்ந்திருக்கும்.

இந்த அளவுகோல்கள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். நூல் பிடித்துப் போனால் 1995-ல் போய் நிற்கிறது.

அந்த வருஷம் அக்டோபரில் பெர்ல் மொழிக்காரர்கள் சீபான் என்ற களஞ்சியத்தைத் திறந்தார்கள். யார்க்கோ ஹியட்டனியெமி, ஆண்ட்ரியாஸ் கோனிக் இருவரும் இதில் முக்கியமானவர்கள். டெக் அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு ஏற்கெனவே இருந்த சீடான் களஞ்சியம்தான் அவர்களுக்கு முன்மாதிரி. இன்று பைத்தானுக்கு பைபை, ஜாவாஸ்கிரிப்டுக்கு என்.பி.எம். என்று நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிற ஏற்பாட்டின் மூத்த அண்ணன் என்று சீபானைச் சொல்லலாம். கணக்கு ஒன்று வாங்கிக்கொண்டால் யாரும் எதையும் ஏற்றலாம். வாசலில் நின்று தரம் பார்க்கிற ஆள் கிடையாது. அதனால்தான் அது அவ்வளவு வேகமாக வளர்ந்தது. எதை நம்புவது என்ற சிக்கல் வந்ததும் அதே காரணத்தால்தான்.

முதல் பதில் 1998-ல் வந்தது. சீபான் டெஸ்டர்ஸ் என்று ஒரு தன்னார்வலர் கூட்டம் சேர்ந்தது. ஏறுகிற ஒவ்வொரு மாட்யூலையும் அவரவர் கணினியில் போட்டு, அதனோடு வந்த சோதனைகளை ஓட்டி, தேறியதா இல்லையா என்று அறிக்கை அனுப்புவார்கள். லினக்ஸ், சோலாரிஸ், விண்டோஸ் என்று ஆளுக்கொரு சிஸ்டம். எழுதியவர் தன் வாழ்நாளில் தொட்டே இராத கணினியில்கூடத் தன் நிரல் ஓடுகிறதா என்று இலவசமாகத் தெரிந்துகொண்டார். என் கணக்கில் திறமூல உலகம் கண்ட மிக நேர்மையான அளவுகோல் இதுதான். 'இது இங்கே ஓடுகிறதா?' என்ற ஒரே கேள்வியைக் கேட்டது, அதற்கு மட்டும் பதில் சொன்னது.

அடுத்து வந்ததுதான் சுவாரஸ்யம். ஒரு மாட்யூல் நல்லதா என்று கணினியையே சொல்ல வைக்க முடியுமா? முடியாது என்று அவர்களுக்கே தெரியும். அதனால் 'குவாலிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லை வேண்டுமென்றே தப்பான எழுத்துகளில் எழுதினார்கள். காதுக்கு அதே ஒலி, கண்ணுக்கு வேறு. தமிழில் 'தரம்' என்பதைத் 'தறம்' என்று எழுதுவது மாதிரி. தரம் மாதிரி தெரியும், தரம் அல்ல என்று பெயரிலேயே எச்சரிக்கை ஒட்டியிருந்தது. இந்தக் கட்டுரையில் நானும் அதைத் 'தறம்' என்றே எழுதுகிறேன்.

இந்தத் தறத்தை அளந்த சேவையின் பெயர் சீபான்ட்ஸ். தாமஸ் க்ளவுஸ்னர் என்பவர் பல வருஷம் இதை நடத்தினார். ரீட்மீ கோப்பு இருக்கிறதா, மாற்றங்களின் பட்டியல் இருக்கிறதா, உரிமம் எழுதியிருக்கிறதா, சோதனைகள் இருக்கின்றனவா, 'யூஸ் ஸ்ட்ரிக்ட்' போட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. வேறொருவருடைய மாட்யூல் உன் மாட்யூலைப் பயன்படுத்துகிறதா என்பதற்குக்கூட ஒரு புள்ளி உண்டு. பயனை எண்ணிப் பார்க்கிற ஆரம்ப முயற்சிகளில் அதுவும் ஒன்று.

புள்ளி வந்தால் பட்டியல் வரும், பட்டியல் வந்தால் போட்டி வரும். எழுத்தாளர்களை வரிசைப்படுத்தினார்கள், அதை விளையாட்டு என்றே அழைத்தார்கள். ஆவணத்தைச் சரிபார்க்கும் சோதனைக் கோப்பு ஒன்று உள்ளே இருந்தால் ஒரு புள்ளி என்றதும், புள்ளிக்காகவே அந்தக் கோப்பு பல மாட்யூல்களில் முளைத்தது. ஆனாலும் இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. புள்ளிக்காக ரீட்மீ எழுதினாலும் படிக்கிறவனுக்கு அது ரீட்மீதானே. கெடுதல் வந்தது பெயரிலிருந்த எச்சரிக்கை தொலைந்தபோதுதான். பின்னால் வந்த ஸ்டார், டவுன்லோட் எண்ணிக்கை, பச்சை நிற பேட்ஜ் எல்லாமே தறம்தான். ஆனால் அவற்றை நாம் தரம் என்றே வாசிக்கப் பழகிவிட்டோம்.

அந்தப் பழக்கம் என்ன விலை வைத்தது என்பதற்கு மூன்று சம்பவங்களைப் பார்ப்போம்.

முதலாவது 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்ப்ளீட். இணையத்தின் மறைகுறியாக்கத்தில் பெரும்பகுதியைச் சுமந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் ஓர் ஓட்டை. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் சர்வரின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை உருவிவிடலாம். அந்தப் பிழை 2012 மார்ச்சில் வந்த 1.0.1 பதிப்பிலேயே இருந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இரண்டு வருஷம் திறந்தே கிடந்தது. பயன் என்ற அளவுகோலில் இதற்கு மேல் மதிப்பெண் வாங்க ஒரு நிரலால் முடியாது. ஆனால் அதில் முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். நேரடி நன்கொடையாக வருஷத்துக்கு வந்தது சுமார் 2000 டாலர். லட்சக்கணக்கான சர்வர்கள் அதன் மேல் நின்றன. அதைத் தாங்கியது யார் என்று அதற்கு முன்பு அநேகமாக யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது 2016 மார்ச் 22. லெஃப்ட்-பேட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல், மொத்தமே 11 வரி. ஒரு சொல்லின் இடப்பக்கம் தேவையான அளவு இடைவெளி சேர்க்கும், அவ்வளவுதான். வேறொரு மாட்யூலின் பெயர் குறித்த தகராறில் மனம் வெறுத்துப்போன எழுத்தாளர், தன்னுடைய 250-க்கும் மேற்பட்ட மாட்யூல்களை என்.பி.எம்.-மிலிருந்து மொத்தமாக நீக்கிவிட்டார். அதில் லெஃப்ட்-பேடும் போனது. அதை நம்பியிருந்த பேபல் போன்ற பெரிய கருவிகள் இன்ஸ்டால் ஆகாமல் நின்றன. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தவித்த பிறகு என்.பி.எம். நிர்வாகமே அதைத் திரும்ப ஏற்றியது, நீக்கும் விதிகளையும் பிறகு கடுமையாக்கியது. இங்கே நிரலில் ஒரு பிழையும் இல்லை. முறிந்தது ஓர் ஆளுக்கும் களஞ்சியத்துக்கும் நடுவே இருந்த உறவு. எந்தப் புள்ளிப் பட்டியலும் அதை அளக்கவில்லை.

மூன்றாவது 2024-ல் நடந்த எக்ஸ்ஸெட். கோப்புகளைச் சுருக்கும் சின்னக் கருவி, பல வருஷமாக ஒருவரே தனியாகப் பார்த்துக்கொண்டது. 2022-ல் சில பெயர்களிலிருந்து அவருக்கு நெருக்கடி வந்தது. வேலை ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது, வேறு ஆளிடம் கொடுக்கலாமே என்று. தன் மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத வேலை என்று அவர் பொதுவிலேயே பதில் எழுதினார். அதே சமயத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக உதவிக்கொண்டே வந்து, கடைசியில் வெளியிடும் உரிமையையும் பெற்றார். 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் வைத்தார். மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் அதை வெளிப்படுத்தினார். எஸ்எஸ்ஹெச் லாகின் சுமார் அரை நொடி தாமதமாகிறதே என்று குடைந்ததில் சிக்கியது. பெரும்பாலான சர்வர்களுக்குப் போய்ச் சேருமுன் தப்பித்தோம்.

இதில் தறத்தின் கண்ணால் பாருங்கள். சோதனைகள் இருந்தனவா? இருந்தன. திருட்டு நிரலை ஒளித்து வைத்ததே சோதனைக் கோப்புகளுக்குள்தான். சுறுசுறுப்பாக அப்டேட் ஆனதா? ஆனது. அப்டேட் செய்துகொண்டிருந்ததே திருடன்தான். உதவிக்கு இரண்டாவது ஆள் வந்தாரா? வந்தார்.

2020-ல் ஓப்பன்எஸ்எஸ்எஃப் அமைப்பு ஸ்கோர்கார்ட் என்ற கருவியை வெளியிட்டது. 0 முதல் 10 வரை மதிப்பெண். மாற்றங்களை இன்னொருவர் பார்த்துச் சரி சொல்கிறாரா, கடந்த 90 நாளில் வேலை நடந்திருக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறது. சீபான்ட்ஸைவிட எவ்வளவோ முதிர்ச்சியானது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் இதுவும் தறம்தான். 90 நாளில் அசையாத நிரல் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. டெக்கை க்னூத் பல வருஷத்துக்கு ஒருமுறைதான் தொடுகிறார், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

அதனால் நான் செய்வது இது. தறத்தை வடிகட்டியாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். ரீட்மீயும் உரிமமும் இல்லாதது அங்கேயே கழிந்துவிடும். தேறியவற்றிடம் மூன்று கேள்வி. புதிய பதிப்பை வெளியிடும் சாவி யார் யாரிடம் இருக்கிறது? கடைசியாக ஒரு பாதுகாப்புப் பிழை வந்தபோது எப்படிப் பதில் சொன்னார்கள்? அந்த ஆள் நாளைக்கே நிறுத்திவிட்டால் நம்மால் தூக்கிச் சுமக்க முடியுமா? 11 வரிதான் என்றால் நாமே எழுதிவிடலாம். சுமக்க முடியாத அளவு பெரிதென்றால், நமக்கு எவ்வளவு பயனோ அந்த அளவுக்கு அவர்களுக்குப் பணமோ, பிழைத் திருத்தமோ, குறைந்தபட்சம் மரியாதையான ஒரு பதிலோ கொடுக்க வேண்டியிருக்கிறது. பயன் அதிகம் என்றால் நம்முடைய கடனும் அதிகம்.

உங்கள் ப்ராஜெக்ட்டின் டிபென்டன்சி பட்டியலைத் திறந்து, பெயரே கேள்விப்படாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை யார் பார்த்துக்கொள்கிறார் என்று தேடிப் பாருங்கள். அரை மணி நேரம் போதும். எத்தனை இடத்தில் ஒரே ஒரு பெயர் மட்டும் வருகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.