இக்னிஷன் காயில் பழுதறிதலின் வரலாறு

இக்னிஷன் காயில் (எரியூட்டுச் சுருள்) என்பது பெட்ரோல் இயந்திரத்தில் 12 வோல்ட் மின்கல மின்சாரத்தை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தி, பிளக்கின் முனையில் தீப்பொறி உண்டாக்கும் கருவி ஆகும். டீசல் இயந்திரம் அழுத்தத்தின் வெப்பத்தாலேயே எரிவதால் அதற்குக் காயில் தேவையில்லை. காயிலின் பழுதைக் கண்டறியும் முறை, தீப்பொறியைக் கண்ணால் பார்ப்பதில் தொடங்கிக் கணினிக் குறியீட்டைப் படிப்பது வரை மாறி வந்துள்ளது.

தோற்றம்

மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. 1902-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவை உருவாக்கியது. அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்கல எரியூட்டு முறை 1910-ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் காரில் இடம்பெற்றது. காயில், பாயிண்ட், கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவை சேர்ந்த இம்முறையே பல பத்தாண்டுகள் உலகெங்கும் நிலைத்தது.

தமிழ்நாட்டில்

தென் தமிழ்நாட்டில் மோட்டார்த் தொழிலின் தலைமையிடம் மதுரை. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் தொடங்கிய நிறுவனம் பேருந்து ஓட்டத்தோடு பணிமனைகளையும் வளர்த்தது. 1961-இல் லூகாஸ் நிறுவனத்துடன் கூட்டாகச் சென்னைப் பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் அமைந்த பிறகு, வாகன மின்கருவிகள் உள்நாட்டிலேயே உருவாயின. மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் விருதுநகரும் சாத்தூரும் உள்ளன. இவ்வழியாக ஓடிய அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய பெட்ரோல் கார்கள் அனைத்திலும் இருந்தது கெட்டரிங் முறையே.

கண்ணால் பார்த்த காலம்

டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவயரைக் கழற்றி, அதன் முனையை இயந்திர உலோகத்திலிருந்து சுமார் 6 மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்துச் செல்ஃப் போடுவது அக்காலச் சோதனை. நீலநிறப் பொறி பளிச்சென்று தாவினால் காயில் நலம். மஞ்சளாக மெலிந்து வந்தால் காயிலோ, பாயிண்டோ, கண்டென்சரோ சந்தேகத்துக்குரியது. நடுவயரில் நல்ல பொறி வந்தும் பிளக்கில் வரவில்லையென்றால் குறை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலோ, ரோட்டாரிலோ, பிளக் வயரிலோ இருக்கும்.

கரிசல் வெயிலில் ஒரு குழப்பம் அடிக்கடி எழுந்தது. நன்றாக ஓடிய கார் சூடேறியதும் நின்றுவிடும். ஆறியபின் மீண்டும் கிளம்பும். இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, பெட்ரோல் பம்பில் எரிபொருள் ஆவியாகி ஓட்டம் தடைபடுவது. மற்றொன்று, சூட்டில் காயிலின் உள்காப்பு தளர்வது. பம்பின் மேல் ஈரத்துணி போடுவது முதல் குறைக்குத்தான் மருந்து. இரண்டாவதற்கு அது உதவாது. எனவே கார் ஆறுவதற்கு முன், நின்ற இடத்திலேயே பொறி பார்ப்பதே சரியான வழி. பொறி இருந்தால் குறை பெட்ரோல் வழியில், இல்லையென்றால் மின்வழியில். ஆறியபின் பார்த்தால் இரண்டும் சரியாகவே தோன்றும். காயிலைத் தேவையின்றி மாற்றிச் செலவழித்தவர்கள் தவறியது இங்கேதான்.

அளந்து பார்த்த காலம்

மல்டிமீட்டர் பரவியபின் காயிலின் மின்தடை அளக்கப்பட்டது. பழைய வகைக் காயிலின் முதன்மைச் சுற்று பொதுவாக 3 ஓம் அளவிலும், தனி மின்தடையுடன் இயங்கும் வகை 1.5 ஓம் அளவிலும் இருக்கும். துணைச் சுற்று பெரும்பாலும் 5,000 முதல் 15,000 ஓம் வரை காட்டும். ஆனால் அளவு சரியாக இருப்பதால் மட்டும் காயில் நலம் என்று முடிவு செய்ய இயலாது. மல்டிமீட்டர் சிறு மின்னழுத்தத்திலேயே அளக்கிறது. உயர் மின்னழுத்தத்தில் காப்பு உடைவது அதில் தெரியாது.

கணினிக் காலம்

1983-இல் மாருதி 800, 1998-இல் ஹூண்டாய் சான்ட்ரோ வந்தன. எரிபொருளைப் பீய்ச்சும் முறையைக் கணினி கட்டுப்படுத்தத் தொடங்கியபின் பாயிண்ட் மறைந்தது. பின்னர் ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனிக்காயில் அமர்ந்தது. ஸ்கேனரில் பி0301 என்ற குறியீடு வந்தால் முதல் சிலிண்டர் மிஸ்ஸிங் என்று பொருள்; பி0351 முதல் காயிலின் மின்சுற்றைச் சுட்டும். குறியீடு இடத்தைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. எனவே முதல் சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கு மாற்றிப் பார்க்கின்றனர். மிஸ்ஸிங் பி0303 ஆக இடம் மாறினால் குறை காயிலில். மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், அழுத்தம் ஆகியவற்றை ஆராய வேண்டும்.

பழைய வயர் சோதனையை இவ்வகைக் கார்களில் செய்யக் கூடாது. 30,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் உடலைத் தாக்கலாம், கணினியும் பழுதாகலாம். மிஸ்ஸிங்கோடு ஓட்டினால் எரியாத பெட்ரோல் வினையூக்கி மாற்றியைச் சூடாக்கிக் கெடுக்கும்.

சிவகாசி வட்டாரம்

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலே சிவகாசியின் பட்டாசுத் தொழிலுக்கு முன்னோடி. மருந்துக்கலவை கையாளும் இவ்வட்டாரத்தில் திறந்த பொறி பார்க்கும் சோதனைக்கு இடமில்லை. பட்டாசு ஆலைக்கோ கிடங்குக்கோ அருகில் கார் நின்றால், அதைப் பாதுகாப்பான தொலைவுக்குத் தள்ளிச் சென்ற பிறகே போனட்டைத் திறக்க வேண்டும். இயந்திரத்தை ஓட வைப்பதும் பொறி, மருந்தைப் பற்ற வைப்பதும் பொறி. எனவே பொறியை வெளியே எடுக்காமல் குறையைக் காட்டும் ஸ்கேனர், இவ்வட்டாரத்துக்கு வசதி மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும்.