ஆம்புலன்ஸில் வருபவருக்குத் தகுதி இருக்கிறதா? யார் பார்ப்பது?

தாத்தாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகணும். அவரால் நடக்க முடியாது. தனியார் நிறுவனம் ஒன்றுக்கு போன் செய்கிறீர்கள். வாகனம் வருகிறது, சீருடையில் இருவர் இறங்குகிறார்கள்.

தாத்தாவை அவர்களிடம் ஒப்படைக்கிறீர்கள். அவர்களுக்குப் போதிய பயிற்சி இருக்கிறதா? சிங்கப்பூரில் அதை யார் கவனிக்கிறார்கள்?

முன்பு எப்படி?

தனியார் மருத்துவமனைகளுக்கும் மருந்தகங்களுக்கும் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் வழங்கப்பட்டது. அந்த உரிமம் இடத்துக்கானது. ஆம்புலன்ஸோ ஓடிக்கொண்டே இருப்பது. அந்தச் சட்டத்துக்குள் அது அடங்கவில்லை.

என்ன மாறியது?

2020இல் சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டம் நிறைவேறியது. இடத்துக்குப் பதிலாகச் சேவைக்கு உரிமம் என்பதே அதன் அடிப்படை. அது கட்டங்கட்டமாக நடப்புக்கு வந்தது. 2023 ஜூன் 26 முதல் தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனங்களுக்கும் சுகாதார அமைச்சின் உரிமம் கட்டாயம்.

உரிமத்தில் இரண்டு வகை:

• அவசர ஆம்புலன்ஸ் சேவை: உடனடி சிகிச்சை தேவைப்படும் நோயாளிகளுக்கு

• மருத்துவப் போக்குவரத்துச் சேவை: உடல்நிலை சீராக உள்ளவர்களுக்கு. டயாலிசிஸ், மருத்துவப் பரிசோதனை, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவது போன்ற பயணங்கள்

உரிமம் யாருக்கு?

மருத்துவர்களும் தாதியரும் தனித்தனியாகத் தங்கள் பெயரைப் பதிவுசெய்கிறார்கள். ஆம்புலன்ஸ் உரிமம் அப்படியில்லை. அது சேவை வழங்கும் நிறுவனத்துக்குத் தரப்படுகிறது. ஊழியர்களின் பயிற்சி, வாகனத்தில் உள்ள சாதனங்கள், நோயாளி பற்றிய பதிவுகள் எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு. விதியை மீறினால் அமைச்சு உரிமத்தை ரத்துசெய்யலாம்.

ஆக, "உங்க நிறுவனத்துக்கு எந்த உரிமம் இருக்கு?" என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

எந்த எண்ணை அழைப்பது?

995: நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பக்கவாத அறிகுறி, கடுமையான ரத்தப்போக்கு என உயிருக்கு ஆபத்தான நிலை. சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் ஆம்புலன்ஸ் வரும்.

அவசரமில்லாத நிலை: தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனத்தை அழைக்கலாம். கட்டணம் நீங்கள் செலுத்தணும்.

தாத்தாவின் டயாலிசிஸ் பயணத்துக்கு உரிமத்தை நிதானமாக விசாரிக்கலாம். ஆனால் அவர் திடீரென மயங்கி விழுந்தால் எதையும் யோசிக்க வேண்டாம். முதலில் 995.