வாயில்லா ஜீவனின் நாடி

1892 அக்டோபரில் ஆஸ்திரிய, ஜெர்மன் குதிரைப்படை அதிகாரிகள் ஒரு பந்தயத்தில் இறங்கினார்கள். ஆஸ்திரியர்கள் வியன்னாவிலிருந்து பெர்லினுக்கும், ஜெர்மானியர்கள் பெர்லினிலிருந்து வியன்னாவுக்கும் ஓட்டிச் செல்லவேண்டும். ஏறத்தாழ 580 கிலோமீட்டர். மூன்று நாளுக்கும் குறைவான நேரத்தில் கடந்து வென்றவர் ஸ்டார்ஹெம்பெர்க் பிரபு. அவரைச் சுமந்துவந்த அதோஸ் என்ற குதிரை வெற்றிக்குப் பிறகு பிழைக்கவில்லை. அதோடு இன்னும் பல குதிரைகள் செத்தன. குதிரை வாயில்லா ஜீவன். ஓடு என்றால் உயிர் போகும்வரை ஓடும்.

1919இல் அமெரிக்கக் குதிரைப்படை 300 மைல் தூரத்தை ஐந்து நாளாகப் பிரித்துச் சோதனை ஓட்டம் நடத்தியது. அங்கே வேகத்தோடு குதிரையின் உடல்நிலைக்கும் மதிப்பெண் உண்டு.

1955இல் கலிபோர்னியாவின் ஆபர்ன் ஊர்க்காரர் வெண்டெல் ராபி, இந்தக் காலத்துக் குதிரையும் ஒரே நாளில் நூறு மைல் போகும் என்று காட்டப் புறப்பட்டார். தாஹோ ஏரிப் பக்கமிருந்து சியரா நெவாடா மலையைத் தாண்டி, நண்பர்கள் சிலரோடு ஆபர்ன் வந்து சேர்ந்தார். அதுதான் டெவிஸ் கோப்பைப் பந்தயமாக வளர்ந்தது. 1964 முதல் அங்கே ஹேகின் கோப்பை என்று இன்னொன்றும் தருகிறார்கள். முதல் பத்து இடத்துக்குள் வந்த குதிரைகளில் நல்ல உடல்நிலையோடு நிற்பது எதுவோ, அதற்கு அந்தக் கோப்பை. 1972இல் உருவான, நெடுந்தூரக் குதிரைச் சவாரிக்கான அமெரிக்க எண்டூரன்ஸ் சங்கமோ முடிப்பதே வெற்றி என்பதைத் தன் வாசகமாகவே வைத்துக்கொண்டது.

முடித்தது குதிரைதானா, அதன் கடைசி மூச்சா என்று பார்க்க ஆள் வேண்டுமே. வழிநெடுகச் சோதனைச் சாவடிகள் வந்தன. கால்நடை மருத்துவர் ஈறை விரலால் அழுத்தி, ரத்தம் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்று பார்ப்பார். தோலைக் கிள்ளிவிட்டு, நீர் வற்றியிருக்கிறதா என்று பார்ப்பார். வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் குடல் இரைகிறதா என்று கேட்பார். ஓடவிட்டு, கால் நொண்டுகிறதா என்று கவனிப்பார். ஒன்று சரியில்லாவிட்டாலும் அங்கேயே நிறுத்திவிடலாம்.

இவற்றில் கெட்டிக்கார விதி நாடியைப் பற்றியது. சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இதயம் துடிக்கும். ஓடி வந்த குதிரையின் நாடி பெரும்பாலும் 64க்கோ அதற்குக் கீழோ இறங்கவேண்டும். அதற்கும் கெடு உண்டு. கட்டாய ஓய்வு நேரம் சாவடிக்குள் நுழைந்ததும் ஓடத் தொடங்காது, நாடி இறங்கிய பிறகே தொடங்கும். அதுவரை போகும் ஒவ்வொரு நிமிடமும் சவாரிக்காரர் கணக்கில்தான். விரட்டி வந்து முந்தியவர், குதிரை ஆறும்வரை கையைப் பிசைந்துகொண்டு நிற்க, பின்னால் வந்தவர் கடந்து போய்விடுவார். அதனால் சாவடி கண்ணில் பட்டதுமே பலர் இறங்கிச் சேணவாரைத் தளர்த்தி, குதிரையோடு நடந்து வருகிறார்கள். உபதேசத்துக்கு மசியாத அவசரம் இந்தக் கணக்குக்கு மசிந்தது.

நாடி ஒருமுறை ஏமாற்றலாம். அதற்குக் கெர்ரி ரிட்ஜ்வே என்ற மருத்துவர் வழி கண்டார்: துடிப்பை எண்ணு, போய்வர ஏறத்தாழ 76 மீட்டர் மெல்ல ஓடவிடு, புறப்பட்டு ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி எண்ணு. அதே அளவுக்கு இறங்கியிருந்தால் சரி. ஏறியே நின்றால் உள்ளே களைப்பு ஒளிந்திருக்கிறது.

1974இல் கோர்டி எய்ன்ஸ்லீ என்பவர் அதே டெவிஸ் பாதையில் குதிரை இல்லாமல் தன் காலாலேயே ஓடி, 24 மணி நேரத்துக்குள் ஆபர்ன் சேர்ந்தார். பின்னால் அதுவே மனிதர்களின் நூறு மைல் ஓட்டமானது. அங்கேயும் வழியில் நிறுத்தி எடை பார்த்தார்கள், தாங்கமாட்டார் என்று தோன்றியவரை விலக்கினார்கள். மனிதனுக்கு வாய் இருக்கிறது. ஆனாலும் தன்னால் முடியவில்லை என்று அவன் லேசில் சொல்வதில்லை.