பழைய துப்பாக்கி கேட்லாக்கை ஏன் தேடித்தேடி வாங்குகிறார்கள்?

அமெரிக்காவில் ஒரு வீட்டுப் பரணில் தாத்தா காலத்து இரட்டைக்குழல் ஷாட்கன் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே கம்பெனி பெயர் பொறித்திருக்கிறது. ஆனால், அந்தப் பெயரில் ஒரு தொழிற்சாலையே இருந்ததில்லை! இப்படிப்பட்ட துப்பாக்கிகளின் பூர்வீகத்தைக் கண்டுபிடிக்கத்தான், நூறு வருஷத்துக்கு முந்தைய விற்பனை கேட்லாக்குகளை சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள்.

யாரோ தயாரித்தது, யார் பெயரிலோ விற்றது

கனெக்டிகட் மாநிலம் நார்விச்சில் இயங்கிய கிரெசன்ட் நிறுவனம், ஹார்டுவேர் கடைகளும் தபால் வியாபாரிகளும் கேட்ட பெயரையெல்லாம் பொறித்துக் கொடுத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள். எந்தக் கடை எந்தப் பெயரில் விற்றது என்பதைக் காட்டுவது அந்தந்தக் கடையின் கேட்லாக்தான். சியர்ஸ் ரோபக் கேட்லாக்கில் சட்டை, தையல் மெஷினோடு ஷாட்கன்னும் இருக்கும். ஆர்டர் போட்டால் தபாலில் வந்துவிடும். 1968-ல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. எல்லா துப்பாக்கிக்கும் சீரியல் நம்பர் கட்டாயம் என்று சொன்னதும் அதே சட்டம்தான். அதற்கு முன்பு வந்த மலிவு ஷாட்கன்கள் பலவற்றில் நம்பரே கிடையாது.

வயது தெரிந்து என்ன ஆகப்போகிறது?

நிறைய ஆகும். அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி, 1898 வரை தயாரான துப்பாக்கிகள் 'பழம்பொருள்' கணக்கில் வரும். மாடல் பெயரை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். வின்செஸ்டர் 'மாடல் 1897' ஷாட்கன் 1957 வரை தயாரானது!

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல்கள் பெரும்பாலும் கருமருந்துக் காலத்தவை. இன்றைய தோட்டாவின் அழுத்தத்தில் வெடித்துச் சிதறலாம். பழைய 16 கேஜ் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் 2 9/16 அங்குலம்தான். இன்றைய தோட்டாவுக்கு 2 3/4 அங்குலம் வேண்டும். குழல் எந்த வகை, அறை எவ்வளவு நீளம் என்பதற்கு கேட்லாக்கில் துப்பு கிடைக்கும். அதற்காக அதைப் பார்த்துவிட்டு சுடக் கூடாது. துப்பாக்கி மெக்கானிக் அளந்து பார்த்தே ஆக வேண்டும்.

கேட்லாக்கும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய சாட்சி அல்ல. அது சொல்வது என்ன விற்பனைக்கு இருந்தது என்பதை மட்டுமே. எப்போது தயாரானது என்பதை அல்ல. பழைய படத்தையே வருஷக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சடித்திருப்பார்கள். அதனால்தான் ஒரே கம்பெனியின் கேட்லாக்குகளை வருஷ வாரியாக அடுக்கி, ஒரு மாடல் எப்போது முதலில் வருகிறது, எப்போது காணாமல் போகிறது என்று பார்க்கிறார்கள். பார்க்கர் பிரதர்ஸ் மாதிரி ஆர்டர் புத்தகங்கள் தப்பிப் பிழைத்த கம்பெனி என்றால் அதிர்ஷ்டம், இரண்டையும் ஒப்பிட்டுவிடலாம்.

ஒரிஜினல் கைக்கு எட்டாதவர்களுக்கு மறுபதிப்புகள் இருக்கின்றன. சியர்ஸின் 1897 கேட்லாக் 1968-லேயே மறுபதிப்பாக வந்துவிட்டது. சேகரிப்பாளர்கள் அதைப் பெரிதாக மதிக்க மாட்டார்கள். ஆராய்ச்சிக்கு அதுவே போதும்.