ஸ்காட்லாந்துப் புலவரும் பேராக்கின் பழங்கதையும்

ஒரு வட்டாரத்தின் வரலாற்றை அறியக் கல்வெட்டுக்களும் அரசாங்க ஏடுகளும் மட்டும் போதா. அங்கு வாழும் மக்களிடையே வழங்கிவரும் கதைகளும் வேண்டும். கதையை அப்படியே வரலாறென்று கொள்வது ஒரு பிழை. கதைதானே என்று தள்ளிவிடுவது மற்றொரு பிழை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நெறியைப் பேராக் மாநிலத்துப் பழங்கதை ஒன்றைக்கொண்டு ஆராய்வோம். அக்கதையை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ஸ்காட்லாந்துப் புலவர் ஒருவர் என்பது சுவை பயக்கும் செய்தி.

ஜான் லேடன் என்னும் அவர் 1775ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் தென்னெல்லையை அடுத்த டென்ஹோம் என்ற சிற்றூரில் பிறந்தார். வால்ட்டர் ஸ்காட் அவ்வெல்லைப்புறத்துக் கதைப்பாடல்களைத் தொகுத்து 1802இல் வெளியிட்டபோது, அவருக்கு உற்ற துணையாக நின்றவர் லேடன். 1803இல் மருத்துவராகச் சென்னைக்கு வந்தார். உடல்நலம் குன்றவே, 1805இல் பினாங்கு சென்று தங்கினார். ராபிள்ஸின் நட்பும் மலாய்மொழிப் பற்றும் அங்கே வளர்ந்தன. 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் நூலை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1811இல் ஜாவாவில் அவர் மறைந்தபின், ராபிள்ஸின் முன்னுரையுடன் 1821இல் அது லண்டனில் அச்சேறியது.

அந்நூல் கூறும் கதை இது: கலிங்க நாட்டு மன்னன் ராஜா சூரன் சீனத்தை வெல்லப் பெரும்படையுடன் புறப்படுகிறான், வழியில் கங்கா நகரத்தை முற்றுகையிட்டு, அதன் அரசனை அம்பெய்து வீழ்த்துகிறான். அந்நகரத்தின் கோட்டை பேராக்கின் டிண்டிங் பகுதியில் இருந்ததாக நூல் குறிக்கிறது. சூரன் வருவதறிந்த சீனர், துருப்பிடித்த ஊசிகளையும் காய்த்த மரங்களையும் பல்போன கிழவர்களையும் ஒரு மரக்கலத்தில் ஏற்றியனுப்புகின்றனர். “புறப்பட்டபோது நாங்கள் சிறுவர், இம்மரங்கள் விதைகள், இவ்வூசிகள் கைத்தடிமனான இரும்புக் கோல்கள்” என்கின்றனர் கிழவர். சீனம் அத்துணைத் தொலைவு போலும் என்றெண்ணிச் சூரன் திரும்பிவிடுகிறான்.

இக்கதையைத் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டோடு ஒப்பிடுக. 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திர சோழன் கடற்படை செலுத்திக் கடாரத்தரசனை வென்ற செய்தியும், ஸ்ரீவிசயம், இலங்காசோகம் முதலான ஊர்ப்பெயர்களும் அதில் வரிசையாக உள்ளன. கங்கா நகரம் அவ்வரிசையில் இல்லை. சூரன் என்ற பெயரிலும் படையெடுப்புக் கதையிலும் சோழரைப் பற்றிய நினைவு தங்கியிருப்பதாக அறிஞர் கருதுவர். ஆயினும் அதனைக்கொண்டு கங்கா நகரத்தைச் சோழன் அழித்தான் என்று பாடநூலில் எழுதிவிடலாகாது. மலாக்கா மன்னரின் குலமுறையைச் சூரன் வழியே உயர்த்திக் கூறுவதும் அந்நூலின் நோக்கமாகும். கதை எதனைக் கூறுகிறது என்பதோடு, ஏன் கூறுகிறது என்பதையும் நாம் கேட்டல் வேண்டும்.

பழங்கதைகள் பழங்காலத்திற்கே உரியன அல்ல. அண்மைக் காலத்திலும் தோன்றியுள்ளன. ஈப்போவிற்குத் தெற்கே பத்து காஜாவிற்கு அருகில் நிற்கும் கெல்லி கோட்டையை அறியாதார் இலர். ஸ்காட்லாந்தின் மோரே வட்டாரத்திலிருந்து வந்த வில்லியம் கெல்லி ஸ்மித், தம் ஊர்ப்பெயரால் 'கிந்தா கெல்லாஸ்' என்னும் ரப்பர்த் தோட்டத்தை அமைத்தவர். 1915இல் தொடங்கிய அம்மாளிகை முற்றுப்பெறு முன்பே, 1926இல் லிஸ்பன் நகரில் அவர் இறந்தார். பேய் உலவுவதாகவும் சுரங்கவழி உள்ளதாகவும் கதைகள் பல. ஆனால் அருகிலுள்ள மாரியம்மன் கோயிலின் கூரைமேல், தெய்வ உருவங்களிடையே துரையின் உருவமும் நிற்கிறது. தொழிலாளரிடையே கொள்ளைநோய் பரவியபோது எழுந்த கோயில் அது என்பர். கதையும் சான்றும் ஓரிடத்தில் கூடும் அரிய காட்சி இது.

1908இல் வெளிவந்த 'இருபதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் மலாயா' பற்றிய பெருநூலைப் புரட்டினால், தோட்ட முதலாளிகளின் வரலாறும் படங்களும் காணலாம். காடு திருத்திப் பால்மரம் வெட்டிய தமிழரோ அங்குப் பெரும்பாலும் தலைக்கணக்காகவே காட்சி தருகின்றனர். அவர்தம் வரலாறு முதியோர் நினைவிலும் கோயிற் கணக்கேடுகளிலும் பள்ளிப் பதிவேடுகளிலும் தங்கியுள்ளது. ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் குடியிருப்புக்களாகவும் மாறிவிட்டன, லயங்கள் இடிந்தன, மக்கள் பட்டணம் புகுந்தனர். கேட்டறிய வேண்டிய முதியோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

எனவே தமிழாசிரியர்கள் மாணாக்கரைக்கொண்டு இப்பணியைத் தொடங்குதல் நலம். சொன்னவர் யார், எந்தத் தோட்டத்தார், எந்த ஆண்டில் சொன்னார் என்பவற்றைத் தவறாது குறிக்க, ஏட்டுச் சான்றைத் தனியே எழுதுக, இரண்டையும் கலவாதிருக்க. ஸ்காட் தாம் தொகுத்த பாடல்கள் சிலவற்றைத் தம் கையால் செப்பனிட்டார். எது மக்கள் வாக்கு, எது அவர் வாக்கு என்று பிரித்தறியப் பின்வந்தோர் பெரிதும் உழைக்க நேர்ந்தது. நாம் செப்பனிட வேண்டா. கேட்டதைக் கேட்டவாறு எழுதி வைத்தாலே போதும். எடைபோடும் வேலையைப் பின்வருவோர் செய்வர்; எடைபோடுவதற்குரிய பொருளைக் காத்துத் தருவது நம் கடன்.